மாப்பிள்ளையின் மிதவை மறுபடியும் வீடு வந்த விவரம்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் வரைபடத்தில் கடல் நீரோட்டம் படகுத்துறையில் கரையேறி, முடிதிருத்தும் கடையில் அரை மணி நேரம் தங்கி, மேட்டுத் தெரு வழியாக எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருக்கிறதே, கருவி பழுதா என்று கேட்டிருந்தீர்கள். கருவியைக் குறை சொல்லாதீர்கள், அது வந்த வழி அதுதான். நீங்கள் அனுப்பிய மிதவையை, தான் இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் அந்த மஞ்சள் உருண்டையை, தீவின் பின்புறக் கடலில் நானே கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் ஒரு மீனவர் அதை எடுத்து, வழியில் முடியும் வெட்டிக்கொண்டு, என்னிடம் ஒப்படைத்தார். தப்பு என்னுடையதுதான். பெயர் எழுதாத பொருள் தொலைந்த பொருள் என்று முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் சொன்ன வாயல்லவா, மிதவையிலும் பெயர், முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். இங்கே படகு ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். நான் நடத்திய கணக்கும் அறிவியலும் எங்கே போயினவோ, கண்டெடுத்ததை ஆசிரியர் மேஜையில் வைக்க வேண்டும் என்பது மட்டும் அப்படியே நின்றிருக்கிறது.

சரி, விளக்கிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று படகுத்துறையில் எல்லோரையும் உட்காரவைத்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வராந்தாவில் ஓடி வருகிறார்கள், நடுவில் தலைமையாசிரியர் நிற்கிறார் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் பிரிந்து ஒழுங்காகத்தான் போவார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் போனதும் சுற்றிச் சுற்றி ஒரே கூத்து. தீவுதான் தலைமையாசிரியர், நீரோட்டம்தான் பிள்ளைகள். அந்தச் சுழல் அடியில் கிடக்கும் குளிர்ந்த நீரையும் அதிலுள்ள சத்தையும் மேலே கொண்டுவரும், அதில் நுண்பாசி பெருகும், அதைத் தின்னப் பொடி உயிர்கள், அவற்றைத் தின்ன மீன், மேலே பறவைக் கூட்டம் என்று அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருவர், "அது தெரியும் சார், அங்கதானே தினம் வலை போடுறோம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுழல் இருக்கும் இடத்தில் மீன், மீன் இருக்கும் இடத்தில் படகு, படகு இருக்கும் இடத்தில் என் மாணவர்கள். உங்கள் மிதவை வேறு யார் கையில் சிக்கும்?

இரண்டாம் முறை, 'தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கடலில் விட்டேன். நான்காம் நாள் வாசலில் நிற்கிறார் ஒருவர், கையில் வலை, வலைக்குள் மிதவை. "தொடல சார், அப்படியே அள்ளிட்டு வந்தேன். அதே இடத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. வழி தெரியாம நிக்குதேன்னு பாவமா இருந்துச்சு." இவர்களை நான் எப்படித் திட்டுவது, நீங்களே சொல்லுங்கள். பத்து நாள் பாதை அறுபடாமல் கிடைக்காவிட்டால் உங்கள் மூன்று வருட ஆராய்ச்சியையே மூடிவிடுவார்களாமே, மகள் தொலைபேசியில் அழுதாள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே மூன்றாம் முறை, படகுக்காரர்கள் அத்தனை பேரையும் 'சாரின் மிதவையை எடுக்க மாட்டேன்' என்று ஐம்பது தடவை எழுதவைத்தேன். கடலுக்கே போகாத முடிதிருத்துபவரையும் விடவில்லை. "ரிட்டயர் ஆனது வேலைதான், நீங்க இல்ல" என்கிறாள் உங்கள் அத்தை. சொல்லட்டும், இன்று ஒன்பதாம் நாள். ஒருவர்கூடத் தொடவில்லை. நாளைச் சாயங்காலம் உங்கள் பத்து நாள் முடிகிறது, நிம்மதியாக இருங்கள்.

உங்கள் ஆராய்ச்சி நிலைக்கட்டும், மகள் கண் கலங்காதிருக்கட்டும் என்று வாழ்த்தும்,

மாமனார்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் படகுத்துறைக்கு வந்தேன். மிதவை சுழலை விட்டு ஒதுங்கிவந்து, கீழ்ப்படியில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. என் பெயர் வேறு பாதி அழிந்து கிடந்தது. கை தானாகப் போய்விட்டது, மாப்பிள்ளை. எடுத்துத் துண்டால் துடைத்த பிறகுதான் நினைவு வந்தது. பக்கத்துப் படகிலிருந்தவர் ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினார். பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறேன், இன்னும் முப்பத்தெட்டு. ஒன்பது நாள் போதுமா என்று மேலிடத்தில் கேட்டுப் பாருங்கள். போதாது என்றால் என் பெயரைச் சொல்லுங்கள். அவர்களிலும் யாராவது என்னிடம் படித்திருக்கலாம்.