பின்திரைக்குப் பேசிய வசனம்

கண் தெரியாமல் நான் பட்ட அவமானங்களைவிடத் திமிரால் பட்டவைதான் அதிகம். அதில் முதலிடம் என் மேடைப் பிரவேசத்துக்கு.

திருவனந்தபுரத்தில் எங்கள் நாடகக் குழுவில் எல்லோருமே மாற்றுத்திறனாளிகள். அவரவருக்கு நடந்ததை அவரவரே நடிப்போம். எனக்கு வாய்த்தது பல் டாக்டர் காட்சி. பதினைந்து வயதில் பல்வலி என்று போனேன். எந்தப் பல் வலிக்கிறது என்பதை டாக்டர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "ஏது பல்லாணு?" (பல் என்னுடையது.) ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் அப்பா, மூட்டையைக் காட்டுவது போல ஒரு பல்லைக் காட்டினார். அதைப் பிடுங்கிவிட்டார்கள். (வலித்த பல்லைப் பிறகு அம்மாவோடு போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.) இருபது வருஷமாக இதை அப்பாவிடம் சொன்னதில்லை. எனக்குப் பதிலாகப் பதில் சொல்வதை அவர் நிறுத்தவும் இல்லை. மேடையிலிருந்தாவது சொல்லிவிடலாம் என்று முதல் வரிசையில் அவரை உட்கார வைத்தேன்.

சக்கர நாற்காலியிலிருந்தே எங்களை ஆட்டிவைக்கும் டைரக்டர் ஷீலா சேச்சி, "மோனே, தரையில ஒரு கயிறு ஒட்டித் தரட்டே? காலுக்குத் திசை தெரியும்" என்றார்.

"வேண்டாம் சேச்சி, எனக்கு ஃபேன் போதும்" என்றேன். ஒத்திகையில் மேடையின் முன்ஓரத்தில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் ஓடும். முகத்தில் காற்று அடித்தால் அந்தப் பக்கம்தான் ஜனங்கள். நாடகத்தன்று, பார்ப்பவர்களுக்கு மறைக்கிறது என்று யாரோ அதைப் பின்திரை ஓரம் நகர்த்திவிட்டார்கள்.

நான் கம்பீரமாகப் போய் நின்றேன். காற்று வந்தது. முதுகுப் பக்கம் யாரோ இருமினார்கள். (திரைக்குப் பின்னால் யாருக்கோ சளி என்று நினைத்துக்கொண்டேன்.) நெஞ்சை நிமிர்த்திக் கத்தினேன்: "டாக்டர், என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க!"

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் வரிசையிலிருந்து அப்பா கத்தினார்: "எலேய், இந்தப் பக்கம் திரும்புல!"

திரும்பினேன். ஓடிவிடலாம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன், எந்தப் பல் என்பது உட்பட. அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது.

நாடகம் முடிந்து அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"ஏலே, அன்னைக்கு வேற பல்லையா பிடுங்கிட்டாரு?"

"ஆமாப்பா."

"சொல்லியிருக்கலாம்லா?"

"வாய்க்குள்ள குறடு இருந்துச்சுப்பா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போதெல்லாம் தம்பானூர் ஹோட்டலுக்குப் போனால் எனக்கு என்ன வேண்டும் என்பதைச் சப்ளையர் வழக்கம்போல அப்பாவிடம்தான் கேட்பார், "சாரினு எந்தா வேண்டது?" என்று. அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "அவன்ட்டயே கேளும். முதுகுப் பக்கமா நின்னு கேட்டா, நல்லா பதில் சொல்லுவான்."