லண்டன் ரசத்துக்கு முறைப்படி அனுமதி

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கற்பூரம் ஏற்றுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

பெங்களூர் ஆஸ்டின் டவுன் சேஷகிரியின் டிவி, 'இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது' என்றது. மனைவி ருக்கு கரண்டியோடு வந்து நின்றாள்.

"மாசாமாசம் பணம் வாங்கிக்கறச்சே நம்ம பகுதி தெரியலையாமா? லண்டன் சமையல் போட்டியில என் தங்கை சுப்ரியா வெச்சது என்னோட ரசமாக்கும். 'அக்கா சொல்லிக் கொடுத்தா'ன்னு சொன்னாளா, தானே கண்டுபிடிச்சதா அளந்தாளா? ஞாயித்துக்கிழமை அவ இங்க வரா. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

பக்கத்து வீட்டு டிரேவர் வழி சொன்னார். "சிம்பிள் அங்கிள். வி.பி.என். போட்டா, நீங்க லண்டன்ல இருக்கீங்கன்னு கம்பெனி நம்பிக்கும்."

"அதாவது பொய் சொல்லணும்."

"டிவிதான் சொல்லும். நீங்க இல்ல."

சேஷகிரி விதான சௌதா தலைமைச் செயலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் உத்தரவு இல்லாமல் மின்விசிறியின் வேகத்தைக்கூடக் கூட்டமாட்டார். நேரே வக்கீல் இளங்கோவனிடம் போனார்.

"வி.பி.என். போடறது நம்ம நாட்டுல தனியா ஒரு குத்தம் இல்ல சார். ஆனா கம்பெனி கண்டிஷன்ல கூடாதுன்னு இருக்கும். தெரிஞ்சா அக்கவுண்டை மூடுவான். சும்னே, யார்கிட்டயும் சொல்லாம பார்த்துட்டுப் போங்க."

"கூடாதுன்னு இருந்தா அனுமதி கேக்கணும். அதானே முறை?"

அன்றே மின்னஞ்சல் போனது. பொருள்: பெங்களூரில் இருந்துகொண்டே லண்டனில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள அனுமதி கோருதல், தொடர்பாக.

மறுநாள் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, கணக்கு மூடப்பட்டது.

"உண்மை சொன்னவனுக்குத் தண்டனை. பொய் சொல்றவனுக்கு லண்டன்" என்று கொதித்தார் சேஷகிரி.

டிரேவர் இரக்கப்பட்டுத் தன் கணக்கைக் கொடுத்தார். டிவியைப் போடுவதற்குள் அதுவும் மூடிக்கொண்டது.

"என்ன பண்ணீங்க அங்கிள்?"

"மேல்முறையீடு போட்டேன். முடிவு வர வரைக்கும் இடைக்கால ஏற்பாடா உங்க கணக்குல பாக்கப்போறதாத் தகவல் கொடுத்தேன். உங்களுக்கும் நகல் அனுப்பியிருக்கேனே."

"எங்க மம்மி பாதி சீரியல்ல உக்காந்திருக்காங்க அங்கிள்."

சனிக்கிழமை காலை இளங்கோவன் போனில் கத்தினார். சட்ட ஆலோசனை வழங்கியவர் என்று மேல்முறையீட்டில் அவர் பெயரும் இருந்ததால், அவர் வீட்டு டிவியும் போயிற்று.

ருக்குவுக்குப் பொறுமை போனது. "ஒரு ரசத்தைப் பாக்கத் துப்பில்ல, மூணு வீட்டை இருட்டாக்கிட்டேள். நாளைக்கு அவ லண்டன்லேர்ந்து வந்து நிப்பா. நான் கட்டிக்கறதா, கதவைச் சாத்தறதா?"

பத்து நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த சந்திரம்மா, வீடு பெருக்குவதை நிறுத்தினாள்.

"அவங்க எதுக்கும்மா லண்டன்லேர்ந்து வரணும்? அந்த லண்டன் இதே ஊர்ல, பொம்மனஹள்ளி ஷூட்டிங் ஷெட்டுலதான் இருக்குது. நம்ம ஊர் ஜனம் பார்த்தா கண்டுபிடிச்சிடும்னுதான் இங்க காட்டறதில்ல. பத்து நாளா சுப்ரியாம்மாவுக்கு ரசம் வெச்சுக் குடுத்ததே நான்தான்."