சுவீடன் வழியாக ஒரு வோட்டு

எனக்குக் கதைக்கத் தெரியும். நிறுத்தத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது.

டென்மார்க்கில் இக்காஸ்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழர் வீட்டில் பிறந்தநாளோ சாமத்தியவீடோ கலைவிழாவோ எது நடந்தாலும் மைக் என் கையில்தான் இருக்கும். (யாரும் தருவதில்லை. எப்படியோ வந்துவிடும்.) என் மனைவி ரஞ்சி இதைப்பற்றிச் சொல்வது ஒரே வசனம்: "இவருக்குத் தொண்டை கட்டினால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை." பகலில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அங்கே எண்பது தாண்டிய ஒரு டெனிஷ் அம்மா இருந்தார். நான் உணவுத் தட்டோடு அறைக்குள் நுழைந்ததும் காதில் மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றி மேசையில் வைப்பார். பசி வந்ததால் என்று நீண்டகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட என்னை நம்பித்தான் என் தங்கை சுகி, ஒஸ்திரேலியப் பாராளுமன்றத் தேர்தலின் ஒரு சின்னத் துண்டை ஒப்படைத்தாள்.

சுகி மெல்பேர்னில் இருக்கிறாள். போன புதிதில் அவளுக்கு அங்கே பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. தொலைபேசியில் அழுவாள். திடீரென்று ஒரு வருடம் அழுகை நின்றது. அழைத்தால் எடுப்பதும் நின்றது. விசாரித்தால் அம்மணி தேர்தல் வேலையில் நிற்கிறாள். அவர்களுடைய தொகுதிச் சனம் எந்தக் கட்சியும் வேண்டாமென்று தாங்களாகவே கூடி, வீடு வீடாகச் சமையலறை மேசைகளில் இருந்து கதைத்து, ஊருக்கு என்ன தேவை என்று முடிவெடுத்து, தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தெரிவுசெய்து சுயேச்சையாக நிறுத்தியிருந்தார்கள். ஆள் ஒரு மிருக வைத்தியர், பெண். சுகி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "எங்கட ஆள்" என்பாள். எல்லோரும் ஊதா நிறச் சட்டை போட்டுக்கொண்டு சந்தி சந்தியாக நிற்பார்கள். சுகியின் வீட்டு முற்றத்தில் ஊதாப் பலகை நட்டிருந்தது. அந்தச் சட்டையோடு அவள் அனுப்பிய படத்தில், கலியாணத்துக்குப் பிறகு முதல்தடவையாகப் பல் தெரியச் சிரித்திருந்தாள்.

"கட்சி இல்லாமல் என்ன தேர்தல், பிள்ளை?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே எடுத்தாள்.

செல்லத்துரை மாமா என்று ஒருவர் அவளுடைய தொகுதியில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மனைவி இறந்தபின் தனியாள். மகளுக்குக் குழந்தை கிடைத்திருப்பதால் இங்கே, எங்களுக்குப் பக்கத்தூரான சில்க்போர்க்கில் வந்து நிற்கிறார், தேர்தலுக்குள் திரும்பமாட்டார். தபாலை நம்பமுடியாது. கொப்பன்ஹேகனில் தூதரகத்தில் நேரே போய் வோட்டுப் போடலாம். மகள் பச்சை உடம்புக்காரி, மருமகனுக்கு வேலை. ஆகவே நான்.

"இந்தமுறை மயிரிழையிலதான் அண்ணா போகப்போகுது," என்றாள் சுகி. "ஒவ்வொரு வோட்டும் வேணும். மாமா ஆருக்குப் போடுவார் எண்டு தெரியாது, அந்தாள் வாயைத் திறக்காது. நீ கூட்டிக்கொண்டு மட்டும் போ. கதைக்காதை."

"கதைக்காமல் எப்பிடியடி வோட்டுக் கேக்கிறது?"

"நாங்கள் வாசலில போய் நிண்டு கதைக்கிறேல்லை. உங்களுக்கு என்ன வேணுமெண்டு கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு நிப்பம். அவ்வளவுதான் எங்கட வேலை."

பாவம், பிள்ளைக்கு அரசியல் தெரியாது என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. (நான் சொல்லாமல் விட்ட ஒரேயொரு விசயம் அதுதான் என்பது ரஞ்சியின் கருத்து.)

வேலையில் லீவு கிடைத்தது வோட்டுப் போடக்கூடிய கடைசி நாளில். சுகி முன்பே ஒரு ஊதாச் சட்டையைப் பார்சலில் அனுப்பியிருந்தாள், நினைவுக்கு வைத்திருக்கட்டும் என்று. நான் அதைப் போட்டுக்கொண்டேன். வயிற்றுப்பக்கம் இழுபட்டு, முன்னால் அச்சடித்திருந்த மிருக வைத்தியரின் முகம் அகலமாகி, அவர் ஏதோ பயங்கரமான செய்தி கேட்டவரைப்போல இருந்தார். ரஞ்சி பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, அந்த மனுசி வெல்லவேணுமெண்டால் உதைக் கழட்டுங்கோ," என்றாள். நான் கேட்டால்தானே.

சில்க்போர்க்கில் செல்லத்துரை மாமா வாசலிலேயே ஆயத்தமாக நின்றார். மெலிந்த உயரமான மனிதர், மடிப்புக் குலையாத கோட், உள்பையில் கடவுச்சீட்டு. என் சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ம்," என்றார். காரில் ஏறினார். நான் தொடங்கினேன்.

எனக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. முதல்நாள் இரவே ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். வையிலெ நகரம் வரைக்கும் கட்சிகளின் வண்டவாளம். ஃபூன் தீவு முழுக்கச் சுயேச்சைகளின் பெருமை. இடையில் உதாரணத்துக்கு எங்கள் சங்கத்துத் தலைவர் தெரிவில் நடந்த கூத்து. இரண்டு கையையும் வீசிக் கதைப்பது என் பழக்கம், கார் ஓடும்போது அது நல்லதல்ல. மாமா கதவின் மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தவர் விடவேயில்லை.

ஸ்டோரபெல்ட் பாலத்தில் கடல் இரண்டு பக்கமும் வெயிலில் மினுங்கியது. அங்கேதான் மாமா முதல்தடவை வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை எங்கட வீட்டை..."

"வாறன் மாமா, அந்தப் பிள்ளையிட்டத்தான் வாறன்," என்று நான் அவருடைய வசனத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பாலம் தாண்டி ஷெலாந்துத் தீவுக்குள் வந்தபின் இன்னொருதடவை தொண்டையைச் செருமினார். "நான் ஒண்டு சொல்லட்டோ?"

"கடைசியில கேள்விக்கு நேரம் தருவன் மாமா."

ஆம், அப்படித்தான் சொன்னேன். மேடைப் பழக்கம். எழுபத்தைந்து வயது மனிதருக்கு, அவருடைய வோட்டைப்பற்றி, என் காரில். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அதைச் சிந்தனை என்று விளங்கிக்கொண்டேன்.

கொப்பன்ஹேகன் நெருங்கியபோது என் பேச்சும் உச்சத்தை நெருங்கியது. சனநாயகம் என்றால் என்ன என்ற இடம். வழிகாட்டும் கருவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது; குறுக்கே குறுக்கே கதைத்ததால் நான் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். அந்த நெடுஞ்சாலையில் நகரத்துக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனால் விமான நிலையம். அதையும் தாண்டினால் ஒரு சுரங்கம். சுரங்கத்துக்குள் போனபிறகுதான் என் நாக்கு ஒரு கணம் நின்றது. வெளியே வந்தால் பாலம். இருபுறமும் கடல். திரும்ப வழியில்லை. அக்கரை சுவீடன்.

"தம்பி," என்றார் மாமா அமைதியாக, "இந்தப் பாலத்தால நாங்கள் முந்தியும் வந்தனாங்களோ?"

அதே நேரம் சுகியின் செய்தி வந்து திரையில் விழுந்தது: எங்கே நிற்கிறீர்கள்? வாக்களிப்பு முடியும் நேரம் எனக்குத் தெரியும். காரின் மணிக்கூடும் தெரிந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு சுயேச்சைக்காக ஒரு தொகுதியே வீதியில் நிற்கிறது. என் தங்கை அங்கே வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நிற்கிறாள். அவள் கேட்ட ஒரேயொரு வோட்டை நான் வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போகிறேன்.

அக்கரையில் பொலிஸ் மறித்தது. மாமாவிடம் கடவுச்சீட்டு இருந்தது, ஒஸ்திரேலியக் கடவுச்சீட்டு. என்னிடம் கார் லைசன்ஸ் மட்டும். இளம் பொலிஸ்காரி ஒருத்தி குனிந்து, எங்கே போகிறோம் என்று கேட்டாள். கொப்பன்ஹேகனுக்கு என்றேன். கொப்பன்ஹேகன் பின்னால் இருக்கிறது என்றாள். ஒஸ்திரேலியத் தேர்தலுக்குப் போகிறோம் என்றேன். அவள் என் வயிற்றில் அகன்று கிடந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள். நான் தொடக்கத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன், டெனிஷில். சமையலறை மேசைகளிலிருந்து. அவள் இன்னொரு பொலிஸ்காரனைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் செல்லத்துரை மாமா ஜன்னலைக் கீழே இறக்கி, நல்ல ஆங்கிலத்தில், இரண்டே வசனம் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இவர் கதைச்சுக்கொண்டு வந்தவர். டென்மார்க் முடிஞ்சதை நாங்கள் கவனிக்கேல்லை."

பொலிஸ்காரி சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. திரும்பும் இடத்தை அவளே கையால் காட்டினாள். மூன்று மணித்தியாலம் நான் கதைத்துச் சாதிக்காததை அந்த மனிதர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார்.

தூதரகத்தை அடைந்தபோது மூட இன்னும் சொற்ப நேரமே இருந்தது. வாசலில் நின்ற பெண் மாமாவை உள்ளே விட்டாள். என்னைத் தடுத்தாள். வேட்பாளரின் படம்போட்ட சட்டையோடு வாக்களிக்கும் இடத்துக்குள் வரமுடியாதாம். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். கழற்றிவிட்டு வருகிறேன் என்று பாதி தூக்கியபிறகுதான் உள்ளே போட்டிருந்த பெனியனின் நிலைமை நினைவுக்கு வந்தது. (ரஞ்சி அதை இரண்டுதடவை குப்பையில் போட்டிருக்கிறாள். நான் இரண்டுதடவையும் மீட்டிருக்கிறேன்.) சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன். "நீர் இஞ்சை நில்லும் தம்பி," என்றார் மாமா. அவர் முகத்தில் அன்று முதல்முதலாக ஒரு நிம்மதி தெரிந்தது.

துறைமுகக் காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். ஒரு சைக்கிள்காரர் என்னைப் பார்த்து, சுற்றிப்போனார். ஒருவழியாக மாமா வெளியே வந்தார். சுகிக்கு உடனே செய்தி அனுப்பினேன்: போட்டாயிற்று. அவள் ஊதா இதயம் ஒன்று அனுப்பினாள்.

திரும்பிய வழியில் நான் ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்கப் பயமாக இருந்தது. ஃபூன் தீவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கோப்பி வாங்கிக்கொண்டு நின்றபோது, தாங்கமுடியாமல், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"மாமா, அங்கை உங்களுக்கு என்ன குறை?"

அவர் கோப்பியை ஊதினார். தன் தெருமுனையில் நின்ற பஸ்ஸை வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்களாம். மனைவி இருந்தபோது இருவரும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இப்போது எங்கேயும் போக மனமில்லை, போக நினைத்தாலும் பஸ் இல்லை. அதைச் சுகியின் ஆளிடம் சொன்னாராம்.

"அந்தப் பிள்ளை என்ர குசினியில ஒரு மணித்தியாலம் இருந்தது. செய்துதாறன் எண்டு சொல்லேல்லை. ஏலாது எண்டும் சொல்லேல்லை. கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில ஆறிப்போன தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போனது. அண்டைக்கே நினைச்சிட்டன், ஒண்டு இவவுக்குத்தான் எண்டு."

எனக்குச் சந்தோசத்தில் கோப்பி சிந்தியது. "அப்ப ஒண்டு போட்டிட்டியள்?"

"இல்லை. ரெண்டு போட்டனான்."

"ஏன் மாமா?"

"உம்மட கதையைக் கேட்டாப்பிறகு ஒண்டு போடக் கை வரேல்லை. கடைசியில ஒரு பேர் இருந்தது. ஆரெண்டே தெரியாது. எனக்கு ஒரு நோட்டீஸ்கூட அனுப்பாத ஆள், ஒரு வார்த்தை கதைக்காத ஆள். ஒண்டை அவருக்குப் போட்டனான்."

டென்மார்க்கில் நாங்கள் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி போடுவோம். அவ்வளவுதான். அங்கே எல்லாப் பெயருக்கும் விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடவேண்டும் என்று சுகி எப்போதோ விளக்கியிருந்தாள். நான் இடையில் கதைத்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: ஒன்று இல்லையென்றால் இல்லை. என் வாயால் வோட்டுப் போய்விட்டது.

தேர்தல் நாள் வந்தது, போனது, முடிவு வரவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தார்கள். சுகியின் ஆள் காலையில் முன்னுக்கு, மாலையில் பின்னுக்கு. நான் வேலையில் சூப்புக்கு இரண்டுதடவை உப்புப் போட்டேன். டெனிஷ் அம்மா தானாகவே காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, ஏன் கதைக்கிறாயில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சுகி அழைத்தால் எடுக்கப் பயம். எடுக்காவிட்டால் இன்னும் பயம். அவள் அத்தனை காலம் நின்ற வேலை ஒரேயொரு வோட்டால் கெட்டால், அது எந்த வோட்டு என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் விடிய தொலைபேசி அடித்தது. வென்றுவிட்டார்கள், மயிரிழையில். பின்னால் யாரோ பாடுவது கேட்டது. சுகி அழுதாள், பழைய அழுகை இல்லை. நானும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன், சுவீடன் உட்பட.

"சுவீடனோ?" என்று கேட்டாள். பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புக்கிடையில் விளக்கினாள்: அந்தக் கதைக்காத மனிதர்தான் கடைசியாக வந்து முதலில் விலக்கப்பட்டவர். அவருக்கு ஒன்று போட்டவர்களின் வோட்டெல்லாம் அவரவர் இரண்டு போட்டவருக்கு முழுசாகப் போய்ச் சேருமாம்.

"மாமான்ர வோட்டு எங்களுக்குத்தான் வந்தது அண்ணா. உன்னைப்போல ஆக்கள் உலகத்தில இருக்கினம் எண்டு தெரிஞ்சுதான் உந்த முறையைக் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்."

அடுத்த வருடம் பேரனின் பிறந்தநாளுக்குச் செல்லத்துரை மாமா மறுபடி வந்தார். சில்க்போர்க்கில் மண்டபம், மைக் வழக்கம்போல என் கையில். வரவேற்புரையில் நான் சூடு பிடித்த நேரம், கடைசி வரிசையில் அவர் எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். கதை ஏற்கெனவே பரவியிருந்தது. மண்டபமே இரண்டு விரலைத் தூக்கியது.

இப்போது எங்கே நான் வாயைத் திறந்தாலும் இதுதான். வீட்டில், சங்கத்தில், கோயிலில் தேர்ப் பந்தலுக்குள்கூட. இங்கே பிறந்து, தாய் தகப்பனுக்கு டெனிஷிலேயே பதில் சொல்லும் பிள்ளைகள், "அங்கிள், டென்மார்க் முடிஞ்சுது" என்று மட்டும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொல்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ரஞ்சி வந்து நிற்பது தெரிகிறது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கண்ணாடி ஜன்னலில் அவளுடைய இரண்டு விரலும் தெளிவாகத் தெரிகின்றன.