ஜீரோ அண்ணன் சிவப்பு வாங்கிய காலை

அன்று காலை விழுப்புரம் புறவழிச்சாலை ஓரத்து எங்கள் லாரி ஷெட்டில் இருந்தவர்கள்: பால் டேங்கர் ஓட்டுநர்கள் ஆறு பேர், மதுச் சோதனையைப் பார்வையிடப் பால் கம்பெனி அனுப்பிய அதிகாரி, ஊதும் கருவியோடு நான். இல்லாதவர் முதலாளி. அவர் காலையில் ஷெட்டுப் பக்கம் வருவதை நிறுத்திப் பல மாதமாயிற்று. காரணம் அந்த ஆறு பேரில் ஒருவரான ஜீரோ அண்ணன்.

மற்ற ஊர்களில் ஓட்டுநர்களை ஊதச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஊதாதீர்கள் என்று ஓர் ஓட்டுநரைக் கெஞ்சியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அண்ணன் திண்டிவனத்துக்காரர். குடியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, தாலிக்குக் கழுத்தை நீட்டினாராம். அதனால் தினமும் கருவியில் பூஜ்யம் வந்ததும் செல்போனில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புவார். பட்டப்பெயர் அப்படி வந்தது. படம் கலங்கலாக விழுந்தால் மறுபடி ஊதுவார். லீவு நாளில் பஸ் ஏறி வந்து ஊதிவிட்டுப் போவார். அவர் ஊதும் வேகத்தில் சுவர்க் காலண்டர் நாலு மாதம் முன்னே போகும்.

"மெதுவா ஊதினாலே போதும்ணே."

"மெஷினுக்கு சந்தேகம் வரக் கூடாது தம்பி."

எனக்கும் விலக்கில்லை. "நீ வண்டி ஓட்டல, சரி. எங்கள ஓட்டிக்கினு கீறியே, ஊது" என்பார். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்த முதலாளியிடமும் ஒருநாள் கருவியை நீட்டினார். முதலாளி ஊதவில்லை. அதன் பிறகு காலையில் வரவும் இல்லை.

போதை மருந்துச் சோதனை வந்தபோது இன்னும் பேஜாரு. சிறுநீரை ஷெட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் அதை வீட்டிலேயே பழரச பாட்டிலில் பிடித்து, திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஜல்தியா முடிச்சிடலாம்னு கொண்டாந்தேன். ஒரு சொட்டு சிந்தல பாரு."

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விதிப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவன். ஊதுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் போடக் கூடாது என்று தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன்.

அன்று அதிகாரி முன்னால் அண்ணன்தான் முதலில் பாய்ந்தார். ஊதினார். கருவி சிவந்தது.

"இன்னாண்ணே சாப்டீங்க?"

"ஒண்ணியும் இல்ல தம்பி. பெரிய ஆபீசர் வர்றாரேன்னு மெடிக்கல்ல பச்சைக் கலர் மவுத்வாஷ் வாங்கியாந்து கொப்பளிச்சேன். இப்பத்தான், குழாயாண்ட."

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். அதிலேயே ஆல்கஹால் இருந்தது.

"வாயில எதுவும் போடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"எங்க போட்டேன்? துப்பிட்டேனே!"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "கால்மணி நேரம் கழிச்சு ஊதட்டும். அப்பவும் செவப்பு வந்தா இவர் எங்க கம்பெனி கேட்டுக்குள்ள வண்டி எடுத்துட்டு வர முடியாது. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவுமே."

மற்ற ஐந்து பேரும் ஊதினார்கள். ஐந்தும் பூஜ்யம். அண்ணன் டயர் மேல் உட்கார்ந்து, ஊதவே தெரியாதவர்போலக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. எடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இன்னும் போட்டோ வர்லியே. இன்னா ஆச்சி?" அக்கா.

"மெஷின் சார்ஜ் ஏறிக்கினு இருக்குதுக்கா" என்றேன். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத பதில் அது.

திரும்பிப் பார்த்தால் ஒரு வண்டிகூடக் கிளம்பவில்லை.

"கிளம்புங்கண்ணே, லேட்டானா உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க" என்று கத்தினேன்.

"பிடிக்கட்டும்பா" என்றார், தினமும் அண்ணனை ஊதுகுழல் என்று கிண்டல் செய்கிறவர். "இவுரு இல்லாம போனா ரோட்ல யாரை ஓட்டிக்கினு போறது?"

கால்மணி நேரம் கழிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் மெதுவாக ஊதினார். காலண்டர் அசையவில்லை. பூஜ்யம். அவர் எடுத்த படம் மூன்று முறையும் கலங்கலாக விழுந்தது. நாலாவதை நான்தான் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

ஆறு டேங்கரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தன. வண்டிக்கு இருநூறு அபராதம். அண்ணனின் இருநூறை நான் கட்டிவிட்டேன். அது அவருக்கு இன்னும் தெரியாது. அந்த மனுஷனுக்காகக் காத்துக்கொண்டு நின்றதற்கு எங்களுக்கு ஆன செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய்.