எழுபத்தெட்டு வயதான தம்பி

தென்காசி,
ஆடி 9

அன்பு மகள் நிவேதாவுக்கு, உன் சித்தப்பா சுடலைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி செண்பகவல்லி, தெருக்குழாய், சாரல் எல்லாம் சுகம். உன் அப்பா மட்டும் தேவைக்கு மேல் சுகமாக இருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய்.

சித்திரை விடுமுறைக்கு வந்தபோது, உன் பெங்களூரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து இரண்டு அட்டையும் குத்திக்கொள்ள ஊசியும் கொண்டுவந்தாய். ஒரு சொட்டு ரத்தம் போதும், செல்லுக்குள் இருக்கும் குறிகளைப் படித்து, பிறந்த தேதி என்ன சொன்னாலும் உடம்புக்கு உண்மையில் எத்தனை வயது என்று சொல்லிவிடலாம் என்றாய். அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனாய், மாலையில் வாங்கிக்கொண்டாய். மறுமாதம் முடிவு அனுப்பினாய். எழுபத்திரண்டு வயது உன் அப்பாவுக்கு உடம்பு வயது ஐம்பத்தைந்து. அறுபத்தெட்டு வயது எனக்கு எழுபத்தெட்டு. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் இருந்த மனுஷன் எழுந்து, துண்டால் அதைத் தட்டிவிட்டு, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றார். விளையாட்டு என்று நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்த வாரம் கீழப்பாவூரில் நம் சொந்தத்தில் கல்யாணம். தாலித் தட்டை எடுத்துக்கொண்டு போக வீட்டுக்கு மூத்தவரைக் கூப்பிட்டார்கள். உன் அப்பா என்னை முன்னால் தள்ளி, "மூத்தவரு இவருதான், ரிப்போர்ட் இருக்கு" என்று ஐயரிடம் போனை நீட்டினார். ஐயர் கண்ணாடி போட்டு முழுதும் படித்துவிட்டுத் தட்டை என் கையில் கொடுத்தார். அதோடு விட்டாரா உன் அப்பா? பொண்ணு மாப்பிள்ளை விழுந்து எழுந்ததும், அவரும் என் காலில் விழுந்தார். ஐம்பது வருஷமாக யாரைக் கண்டால் பீடியை மறைப்பேனோ அந்த மனுஷன், நிவேதா! எனக்குக் கால் கூசிப்போய்விட்டது. உன் சித்தியை வேறு, அண்ணன் பெண்டாட்டியைப் போல 'மதினி' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் கொதித்துப்போய், "பால்காரன் முன்னால வச்சு என்னைய மதினிங்காரு! நீங்க வயசக் கொறைக்கியளா, இல்ல நான் இலத்தூருக்கு எந்தம்பி வீட்டுக்குப் போவட்டா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

ஆகவே குறைக்க முனைந்தேன். நீ சொன்னபடி சீனியை விட்டேன், ஒன்பது மணிக்குப் படுத்தேன், பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தேன். நடையையும் துடிப்பையும் எண்ணி உனக்குத் தெரிவிக்கும் என்று நீ அனுப்பிய சிம் போட்ட கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீர் நல்லது என்றாயே என்று ஐந்தருவிக்குப் போய், கடிகாரத்தைக் கழற்றி எண்ணெய் பாட்டிலோடு சுவரில் வைத்துவிட்டுத் தலையைக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் பாட்டில் இருக்கிறது, கடிகாரம் இல்லை. மேலே மரத்தில் ஒரு குரங்கு அதை முழங்கை வரைக்கும் மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. பழம் காட்டினேன், கெஞ்சினேன், சட்டையை எடுத்துக் காட்டினேன். அது ஏறிப் போய்விட்டது. மறுநாள் நீ போன் பண்ணி, "சித்தப்பா, நேத்து மட்டும் முன்னூறு மாடி ஏறியிருக்கீங்க! இதயத் துடிப்பெல்லாம் சின்னப் பையன் மாதிரி இருக்கு!" என்றாயே, அந்தப் பாராட்டு எனக்குரியதல்ல. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் நீ அதைக் குடும்பம் முழுக்க அனுப்பிவிட்டாய், என் வாழ்நாளில் யாரும் என்னைச் சின்னப் பையன் என்றதில்லை, அதனால் 'நன்றி மகளே' என்று பதில் போட்டுவிட்டேன்.

உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று கடிகாரம் காட்டும் வரைபடத்தைப் போனில் பார்த்து, மூன்றாம் நாள் அவரும் என்னைத் தேடி மலை ஏறிவிட்டார். நான் அப்போது புளியறைக் கடையில், லாரிக்காரர்களுக்கு நடுவில், பதினாறு மணிப் பட்டினியை நான்கு புரோட்டாவால் முடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அண்ணாச்சி, எங்கன இருக்கிய?"

"மலை மேலதான்."

"நானும் மலை மேலதான் இருக்கேன். வாட்ச் இங்கன இருக்கு. கொரங்கு கையில கெட்டியிருக்கு. நீங்க எங்கன?"

பதில் சொல்வதற்குள் 'ஐயோ' என்று ஒரு சத்தம், போன் அடங்கிவிட்டது. சால்னாக் கையோடு, வாசலில் நின்ற முகம்மது கனியின் ஆட்டோவில் ஏறி ஐந்தருவிக்கு விரட்டச் சொன்னேன். வழியெல்லாம் எனக்கு உடம்பு வயதும் தெரியவில்லை, நிஜ வயதும் தெரியவில்லை, அண்ணன் என்ற ஒரு சொல்தான் வாயில் வந்துகொண்டிருந்தது. நானும் கனியும் பாறைக்கு மேலே ஏறிப் பார்த்தால், உன் அப்பா இரண்டு கல்லுக்கு நடுவில் கால் மாட்டி உட்கார்ந்திருக்கிறார், எதிரே அந்தக் குரங்கும் உட்கார்ந்து அவர் கொண்டுபோன ஊறவைத்த பாதாம்பருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. காலை உருவும்போது வலி தாங்காமல், "ஏலே சுடலை! மெல்லப் புடிலே, மூதி!" என்று கத்தினார்.

மூதி என்று திட்டினார், நிவேதா. இரண்டு மாதம் கழித்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் சுளுக்குத்தான், கட்டுப் போட்டாயிற்று. இன்று காலை நான் போனபோது நாற்காலியை விட்டு எழவில்லை. காபியைக் கூட என்னையே ஆற்றித் தரச் சொன்னார்.

ஆகையால் எங்கள் இருவர் பெயரையும் உன் ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிடு. மூன்று நாள் வந்த கணக்கைக் குரங்கின் பேரில் எழுதிக்கொள். புதுக் கடிகாரம் அனுப்பாதே. நீ நோய் நொடியின்றி, உன் நிஜ வயதிலேயே நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

சித்தப்பா
சுடலைமுத்து

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் உன் சித்தி வாங்கிப் படித்துவிட்டாள். ஒரே சிரிப்பு. "எழுவத்தெட்டு ஒங்களுக்கு எப்படி வரும்? அன்னைக்கு ஊசியப் பாத்ததும், 'ஏட்டி, ரத்தம் எல்லாம் ஒண்ணுதான்'னு என் கையத்தான புடிச்சி நீட்டுனிய!" என்றாள். எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்து நிமிஷமாக அங்கிருந்து ஒரு பாத்திரச் சத்தமும் இல்லை. மகளே, குத்திக்கொண்டவன் நான்தான், எழுபத்தெட்டும் என்னுடையதுதான். அவள் போன் பண்ணினால் அப்படியே சொல். ரொம்பக் கேட்டால், சித்தப்பாவுக்கு எண்பது என்றே சொல்லிவிடு.