தடிக்காத கை

"எழும்பலையே," என்றாள் நர்ஸ் ப்ரோன்வின். மெர்வினின் முன்கையை விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எதும்மா எழும்பலை?"

"எதுவுமே. எறும்பு விஷம் வெச்சுக் குத்தின இடத்தை விடுங்க. இந்த முதல் சொட்டு ஹிஸ்டமின். இதை வெச்சுக் குத்தினா கொசு கடிச்ச மாதிரி தடிக்கணும். உயிரோட இருக்கிற எல்லாருக்கும் தடிக்கும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் க்ளாரி தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டியாடா மெர்வ்? உயிரோட இருக்கிற எல்லாருக்குமாம்!"

மெர்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலியோரம் புல் வெட்டும்போது ஜம்பர் எறும்புப் புற்றை மிதித்து, கடிபட்டு விழுந்து, நாடி நின்று, ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சைக் குத்திக் குத்தித் திரும்ப அழைத்து வந்த ஆள் அவர். ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்துவிட்டு வீடு வந்திருக்கிறார். இன்னொரு கடி பட்டால் கதை முடிந்தது. உடம்பை அந்த விஷத்துக்குப் பழக்க ஊசி இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனையில் கை தடித்தால்தான் அதைத் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் ஹுவான் ஆற்றங்கரை வீட்டை விற்றுவிட்டு, மெல்பர்னில் மகள் வீட்டு மாடியில் ஜன்னல் வழியே கார்களைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும்.

"என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"மருந்தே கிடையாதும்மா."

"ஒண்ணுகூடவா?"

"வெறும் வைட்டமின். க்ளாரி குடுத்த டப்பா."

க்ளாரி பெயரைக் கேட்டதும் அவள் முகம் தொங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தொங்கும். தும்மினவன் வாயில் எல்லாம் மாத்திரை திணிக்கிற மனிதர் க்ளாரி.

"அதுவும் கணக்குதான் மெர்வ். அளவுக்கு மேல வைட்டமின் போட்டா தடிப்பை அமுக்கும்னு சிலர் சொல்றாங்க. இல்லைன்னும் சொல்றாங்க. அந்த டப்பாவுல அலர்ஜி மாத்திரை ஏதாவது கலந்திருந்தா நிச்சயமா அமுக்கிடும். எல்லாத்தையும் நிறுத்திட்டு அடுத்த வாரம் வாங்க."

வெளியே வந்ததும் க்ளாரி கொதித்தார். "வைட்டமினைக் குத்தம் சொல்றாளே! அன்னைக்கு உன்னைப் புத்துலேர்ந்து இழுத்துப் போட்டது யாரு? நான். எனக்கும்தான் கடி. எழுந்து தூசி தட்டிட்டு வரலை? எல்லாம் வைட்டமின். நீ செத்துட்ட, அதான் விஷயம். அவ நாசூக்கா சொல்றா."

கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டல் மெர்வினோடு கூடவே வந்தது.

கடைக்குப் போனார்கள். க்ளாரி முன்னால் போய் தானியங்கிக் கதவின் எதிரில் நின்றார். அது திறக்கவில்லை. "பார்த்தியா, உன் கூட வந்த பாவம்," என்றார். பேக்கரிப் பெண்ணிடம் மெர்வின், "எங்களுக்கு டீ," என்றார். வந்தது ஒரே ஒரு கோப்பை.

"எனக்கு வந்திருக்கு," என்றார் க்ளாரி. "நீதான் அவ கண்ணுக்குத் தெரியலை."

மெர்வின் கோப்பையை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். பால் அதிகம் என்று க்ளாரி தொடவில்லை. யாரும் குடிக்காமலே அது ஆறி, மேலே ஏடு படிந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவர்கள் பக்கம் பார்த்தார்கள். மெர்வின் திரும்பியதும் ஒருத்தி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டு வராந்தாவில் இன்னும் மோசம். க்ளாரியின் நாய் பிஸ்கட், முன்பெல்லாம் மெர்வின் மடியை விட்டு இறங்காதது, இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வாலை இடுக்கிக்கொண்டு ஊளையிட்டது.

"நாய்க்குத் தெரியும்டா," என்றார் க்ளாரி, இந்த முறை சிரிக்காமல். மெர்வின் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். துடிப்பு இருந்தது. ஆனால் செத்தவனுக்கும் தன் துடிப்பு இருப்பதாகத்தான் தோன்றும் என்றால்?

அந்த யோசனையோடு யாரால் தூங்க முடியும்?

"வைட்டமினை நிறுத்தினா இப்படித்தான்," என்று க்ளாரி அதற்கும் வழி சொன்னார். "மருந்துக்கடையில தூக்க மாத்திரை வாங்கு. சீட்டே வேண்டாம், சும்மா தருவான். அது வைட்டமின் இல்லையே, நர்ஸ் எப்படிக் கோவிப்பா?"

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. காலையில் தபால் கொண்டுவந்த டாட், வராந்தா நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த மெர்வினைப் பார்த்தாள். கூப்பிட்டாள், உலுக்கினாள், மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசைவில்லை. "ஐயோ கடவுளே, இன்னொரு தடவையா!" என்று அவள் போட்ட கூச்சலில் ஆம்புலன்ஸ் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறும்போது மெர்வின் கண்ணைத் திறந்து, "நான் போயிட்டேனா?" என்று கேட்டார். டாட் கையிலிருந்த தபால் முழுவதும் ரோஜாச் செடிகளுக்கு மேல் பறந்தது.

அடுத்த சோதனையிலும் கை தடிக்கவில்லை.

"தூக்க மாத்திரையா!" ப்ரோன்வின் தலையில் கை வைத்தாள். "நீங்க வாங்கினதும் ஒரு அலர்ஜி மாத்திரைதான் மெர்வ், அதுவும் தடிப்பை அமுக்கிடும்! யார் இந்த யோசனை குடுத்தது?"

மெர்வின் க்ளாரியைப் பார்த்தார். க்ளாரி கூரையைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும்மா," மெர்வினின் குரல் உடைந்தது. "நான் உயிரோடதான் இருக்கேனா? எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி பகல்னு இல்லாம பயமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "இருக்கீங்க. ஒரு மாத்திரையும் தொடாம வாங்க. உங்க கையே உங்களுக்குச் சொல்லும்."

மெர்வின் தொடவில்லை. க்ளாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மெர்வின் காதில் வாங்கவில்லை. தூங்காமல், கண் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினார்.

மூன்றாவது தடவை. சொட்டு. ஊசி முனை. காத்திருப்பு. ஆற்றிலிருந்து வந்த மூடுபனி ஜன்னல் கண்ணாடியை மறைத்திருந்தது.

முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு நடுவில் வெளிறி, சுற்றிலும் சிவந்தது. பிறகு மெல்ல, கொழுக்கென்று எழும்பியது. அதற்குக் கீழே எறும்பு விஷம் வைத்த இடமும் எழும்பியது.

"அரிக்குதாடா?" என்று க்ளாரி எழுந்தே விட்டார்.

"அரிக்குது! ஐயோ, என்னமா அரிக்குது!" மெர்வின் அழுதுகொண்டே சிரித்தார். "ஊசி போடலாம்தானே? நான் வீட்டை விட்டுப் போக வேண்டாம்தானே?"

"வேண்டாம். அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம்," என்றாள் ப்ரோன்வின். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

க்ளாரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்கையை மேசைமேல் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லு மெர்வ். நான் கேட்டா அவ காதுலயே வாங்க மாட்டேங்கிறா."

"ப்ரோன், அப்படியே இவனுக்கும் ஒரு சொட்டு வெச்சுடும்மா. அன்னைக்குக் க்ளாரிக்கும்தானே கடி."

ப்ரோன்வின் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மெர்வினின் தடித்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"க்ளாரியை அடக்கம் பண்றப்ப நீங்க நினைவில்லாம கிடந்தீங்க, மெர்வ்... அப்புறமும் யாருமே உங்ககிட்ட சொல்லலையா?"