ஓனர் வேலையா, சொந்த வேலையா?

தண்ணீரைத் திறந்துவிட யாராலும் முடியும். நிறுத்த வேண்டிய நேரத்தில் பக்கத்தில் நிற்பவன்தான் தண்ணீர் லாரி டிரைவர். அந்த ஒரு தகுதி மட்டும் என்னிடம் இல்லை. மற்றபடி மைசூரிலேயே சிறந்த டிரைவர் நான்தான் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் மனக்கசப்பு இல்லாமல் பிரிந்தோம். அப்புறம் திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் பரோட்டா அடித்தேன், லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றினேன். ஓர் ஊர் அலுத்தால் அடுத்த ஊர். மைசூரில் மட்டும் தங்கிவிட்டதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, நாகராஜண்ணாவின் தண்ணீர் லாரி. சம்பளம் சுமார்தான், ஆனால் ராத்திரி கேபினிலேயே படுத்துக்கொள்ளலாம். (கால் நீட்ட முடியாது. கதவைத் திறந்து வெளியே விட்டால் நீட்டலாம். கொசுவுக்கும் அதுதான் வசதி.)

இரண்டாவது காரணம், மண்டி மொஹல்லா மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த கவிதா. அவளைப் பார்ப்பதற்காகத் தினமும் தலைவலி மாத்திரை வாங்கினேன். ஒருநாள் அவளே, “மாத்திரை எல்லாம் வேலைக்காகாது. தலையையே மாத்துங்க” என்றாள். அந்த வாரமே எதிர்க்கடையில் சேர்ந்து காப்பி குடிக்கும் அளவுக்கு முன்னேறிவிட்டோம்.

அவள் அப்பா செல்வராஜ், ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்டட மேஸ்திரியாகி, விஜயநகரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டவர். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. “வீடு எங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும் என்று கவிதா சொல்லியிருந்தாள். கேபின் கதவைத் திறந்து காட்டவா முடியும்?

கோடை. ஒருநாள் காலையில் அவளிடமிருந்து செய்தி வந்தது: ‘வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல. அப்பா தெருவே கேக்கற மாதிரி கத்துறார்.’ அப்போது நான் அக்ரஹாரத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போகவேண்டிய முழு லோடோடு நின்றிருந்தேன். எப்போதாவது வேலை செய்யும் என் மூளை அன்றைக்குப் பார்த்து வேலை செய்தது. லாரி விஜயநகருக்குத் திரும்பியது.

செல்வராஜ் வாசலுக்கு வந்தார். “நாங்க லாரிக்குச் சொல்லலீங்களே?”

“இந்தப் பக்கமா போனேன் சார். கொஞ்சம் தண்ணி மிச்சம் இருந்துச்சு. ஊத்திட்டுப் போலாம்னு...”

(மிச்சம் என்றது முழு லாரியை. மேல்மூடி வழியாகத் தளும்பிக்கொண்டிருந்தது.)

அவர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நல்ல மனசுங்க உங்களுக்கு” என்று சம்ப்பின் மூடியைத் தூக்கினார். தரைக்கடியில் கட்டிய அந்தத் தொட்டிக்குள் குழாயைச் செருகி வால்வைத் திறந்தேன்.

“வெயில்ல எதுக்குங்க நிக்கறீங்க? உள்ள வந்து ஒருவாய் காப்பி குடிங்க.”

டிரைவர் என்றால் மறுத்திருக்க வேண்டும். நான் செருப்பைக் கழற்றியே விட்டிருந்தேன்.

கவிதா காப்பி கொண்டுவந்தாள். முன்பின் பார்த்தே இராதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு “தேங்க்ஸுங்க” என்றேன். செல்வராஜ் தான் கட்டிய வீடுகளை அஸ்திவாரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது வெளியே சோவென்று சத்தம் கேட்டது.

“நல்ல மழை போலிருக்கே சார்” என்றேன்.

“இந்த வெயில்லீங்களா?” என்றார்.

அடித்துப்பிடித்து வெளியே ஓடினேன். சம்ப் எப்போதோ நிரம்பிவிட்டது. குழாய் தொட்டியை விட்டு வெளியே வந்து, என்னைப் போலவே மனம்போன போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. வால்வை மூடினேன். ஆனால் போன தண்ணீர் போனதுதான். பக்கத்து வீட்டில் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி ஓர் அறை இருந்தது. தண்ணீர் நேராக அதற்குள் குடிபுகுந்திருந்தது.

அந்த வீட்டிலிருந்து ஓர் அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தார். கையில் சொட்டச் சொட்ட ஒரு தடிப்புத்தகம். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ராஜலட்சுமி மேடம். அந்த அறையில் இருந்தது முழுக்க அவருடைய சட்டப் புத்தகங்கள். அடிதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், அவர் முகத்தில் பேத்தி பிறந்த பாட்டி மாதிரி ஒரு சந்தோஷம்.

“தேக்கி வச்ச தண்ணி உடைச்சுண்டு பக்கத்து ஆளோட எடத்துக்குள்ள போனா யார் பொறுப்பு? வேலை பார்த்த காலமெல்லாம் இதைத்தான் கிளாஸ்ல கத்தினேன். பாதிப் பேர் தூங்கிண்டிருப்பா. இப்ப பாரு, கேஸ் என்னைத் தேடிண்டு வீட்டுக்குள்ளயே வந்திருக்கு!”

“போலீஸைக் கூப்பிடுவீங்களா மேடம்?”

“போலீஸ் எதுக்கு? நீ என்ன திருடினியா? ஒருத்தன் செஞ்சதால இன்னொருத்தருக்கு நஷ்டம் வந்தா அதை யார் சரிக்கட்டறதுன்னு ஒரு சட்டம். டார்ட்னு பேரு. எல்லாரும் நாற்காலி எடுத்துண்டு வாங்கோ.”

போலீஸ் வரவில்லை. ஓனர் வந்தார். லாரியில் ஜிபிஎஸ் இருப்பது எனக்குத் தெரியும். காதலில் ஞாபகம் வரவில்லை.

“ஏனப்பா இது!” என்று தன் பாதிக் கன்னடம் பாதித் தமிழில் ஸ்கூட்டரிலிருந்தே கத்திக்கொண்டு இறங்கினார் நாகராஜண்ணா. “மண்டபத்துல சமையல்காரன் அரிசி கழுவத் தண்ணி இல்லாம எனக்கு போன் மேல போன் மாடறான். நீ இல்லி வந்து ரோடு கழுவறியா?”

மேடம் வீட்டுப் போர்ட்டிகோவில் விசாரணை தொடங்கியது. முதலில் பேசியவர் செல்வராஜ். “அந்த ரூமை அத்தனை பள்ளமா கட்டியிருக்கக் கூடாதுங்க. அவங்க மேலயும் தப்பு இருக்குதுங்களே?”

“பேஷான பாயிண்ட்! நஷ்டப்பட்டவளோட அஜாக்கிரதையும் இருந்தா, அதுக்குத் தக்கபடி கழிச்சுக்கலாம். ஆமா, அந்த ரூமைக் கட்டினது யாரு செல்வராஜ்?”

செல்வராஜ் எதிர்வீட்டுத் தென்னை மரத்தை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “இப்ப நீ சொல்லு. வேலைக்காரன் ஓனர் வேலையா போறச்ச தப்பு பண்ணினா, ஓனர் பதில் சொல்லணும். வேலையை விட்டுட்டு தன் சொந்தக் காரியமா ஊர் சுத்தப் போயிருந்தா, அவனே பதில் சொல்லணும். லாரி இவரோடதுதான். ஆனா நீ இங்க வந்தது ஓனர் வேலையாவா, சொந்த வேலையாவா?”

எட்டாம் வகுப்பு வரை யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்டதில்லை. சொந்த வேலை என்றால் லாரி போச்சு, படுக்கை போச்சு, நஷ்டமும் என் தலையில். ஓனர் வேலை என்றால் எல்லாம் நாகராஜண்ணா தலையில். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் தப்பிக்கத் தெரியும். அதில் பல ஊர் அனுபவம்.

“ஓனர் வேலையாத்தான் மேடம். வழி தவறிட்டேன். மத்தபடி இந்த வீட்ல எனக்கு யாரையும் தெரியாது.”

இன்னும் அழுத்தமாக இருக்கட்டும் என்று, “இவங்களை எல்லாம் இன்னைக்குத்தான் முதல்முதலா பாக்கறேன்” என்றும் சேர்த்தேன்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கவிதா நின்றிருந்தாள். கையில் நான் பாதி குடித்து வைத்த காப்பி. என்னையே பார்த்துக்கொண்டு அதைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை.

“அக்ரஹாரத்துக்கு யாரப்பா விஜயநகர் வழியா போறது?” என்று நாகராஜண்ணா குதித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் செல்வராஜ் தென்னை மரத்திலிருந்து இறங்கி வந்தார்.

“ஒரு சந்தேகமுங்க. எங்க வீட்ல யாரையும் தெரியாதுன்னீங்க.”

“ஆமா சார்.”

“எங்க வீட்ல யாரு வந்தாலும் எம்பொண்ணு சக்கரை போடட்டுமான்னு கேட்டுட்டுத்தானுங்க காப்பி குடுக்கும். உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களே. கரண்டி கரண்டியா போட்டுக் கொண்டாந்துச்சு. நீங்களும் முகம் சுளிக்காம குடிச்சீங்க. அது எப்படிங்க?”

நான் குரோட்டன்ஸைப் பார்த்தேன். அதன் இலையிலிருந்து காப்பி சொட்டிக்கொண்டிருந்தது.

மேடம் கைதட்டாத குறை. “சில கேஸ்ல சாட்சியே தேவையில்லே. நடந்த சம்பவமே எழுந்து நின்னு பேசும்னு சட்டத்துல சொல்லுவோம். இன்னிக்குக் காப்பி பேசிடுத்து.”

நாகராஜண்ணாவின் இடுப்பில் லாரிக் கேபினின் மாற்றுச் சாவி தொங்கியது. அதைப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கவிதா காலி டம்ளரோடு வீட்டுக்குள் போகத் திரும்பிவிட்டாள். அவள் முதல் படியில் கால் வைத்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“சொந்த வேலையாத்தான் மேடம் வந்தேன்! முழுக்க முழுக்க சொந்த வேலை! ஓனருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!”

அவள் நின்றாள். திரும்பவில்லை. ஆனால் நின்றாள்.

“கேளிதிரா மேடம்! அவன் வாயாலயே சொல்லிட்டான்!” என்று சந்தோஷமாகக் கை நீட்டினார் நாகராஜண்ணா. “சாவி கொடப்பா.” என் துணிப்பையை அவரே கேபினிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மனிதர் கெட்டவரில்லை. அன்றிரவு பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். கால் நன்றாக நீட்ட முடிந்தது.

மேடம் எனக்கு விதித்தது, நனைந்த புத்தகங்களை எல்லாம் மாடியில் உலர்த்தித் தாள் தாளாகப் பிரித்து வைப்பது. செல்வராஜுக்கு விதித்தது, அறை வாசலில் தண்ணீர் ஏறாதபடி தடுப்பு கட்டிக்கொடுப்பது. அவருக்குச் சிற்றாள் கிடைக்கவில்லை. காலையில் புத்தகம் உலர்த்திய நான் மத்தியானம் அவருக்கு மணல் சுமந்தேன். தடுப்பு எழுந்த பிறகும் என்னைப் போகச் சொல்லாமல் அடுத்த வேலைக்குக் கூட்டிப் போனார். “வீடு எங்க?” என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டிருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. கவிதா மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. மழைக்காலம் முடிந்தது.

கல்யாணத்துக்கு மேடம் கொடுத்த பரிசு அந்தத் தடிப்புத்தகம். ஊறிப் பருத்து மூட முடியாமல் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் இருப்பதற்கு இப்போது அதுதான் பொறுப்பு.

மேஸ்திரி வேலையும் சில வருஷத்தில் அலுத்துப்போய், இப்போது செல்போன் ஆப் மூலம் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறேன். ஹெல்மெட்டை எடுத்தால் போதும், கவிதா கேட்பாள்: “ஓனர் வேலையா, சொந்த வேலையா?” ஓனர் யார் என்றே எனக்குத் தெரியாது. நான் வண்டியோடு போய் யார்மீதாவது மோதினால் யார் பொறுப்பு என்று மேடத்திடம் கேட்டேன். “அதுக்குத்தான் இப்ப பெரிய பெரிய வக்கீலெல்லாம் மண்டையை உடைச்சுண்டிருக்கா. நீ பேசாம மெதுவா ஓட்டு” என்றார்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இன்றும் அதே கூத்துதான். எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, கவிதா கடைசியாக என் முன்னால் வந்து பணிவாக நிற்பாள்.

“உங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா?”

நான் வாய் திறப்பதற்குள் மாமனார் நாற்காலியிலிருந்து குரல் கொடுப்பார்.

“அவருக்கு நம்மளை யாருன்னே தெரியாதும்மா. செடிக்கு ஊத்திரு.”